மெடிகேர், மெடிகெய்ட் வழியாக ஊட்டச்சத்து சேவைகளைப் பெறுவது எப்படி: அமெரிக்காவில் பெற்றோரைப் பராமரிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ள பெற்றோரை அமெரிக்காவில் உடன் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் மாத்திரைகள் தவறுவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனையும் நடந்துவிடுகிறது. சாப்பாட்டைப் பற்றி மட்டும் "அரிசியைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள்" என்பதற்கு மேல் மருத்துவமனையில் யாரும் பேசுவதில்லை. எதை எவ்வளவு குறைப்பது, குறைத்த இடத்தில் என்ன வைப்பது என்பதை உட்கார்ந்து சொல்லித்தரும் பயிற்சி பெற்ற உணவியல் நிபுணர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கான கட்டணத்தை மெடிகேர் முழுமையாகச் செலுத்துகிறது. சில மாநிலங்களில் மெடிகெய்ட், நோய்க்கு ஏற்பச் சமைத்த உணவையே வீட்டுக்கு அனுப்புகிறது. ஆனால் இவற்றில் எதுவும் தானாக வந்து சேர்வதில்லை. கேட்க வேண்டும், யாரிடம், எந்தச் சொற்களில், எந்தக் காகிதத்தோடு கேட்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் படி: எந்தக் காப்பீடு என்பதை உறுதிசெய்தல்

மெடிகேர் என்பது பெரும்பாலும் 65 வயதைக் கடந்தவர்களுக்கான மத்திய அரசின் காப்பீடு. மெடிகெய்ட் என்பது வருமானம் குறைந்தவர்களுக்காக மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்துவது; கலிஃபோர்னியாவில் அதன் பெயர் மெடி-கால். இரண்டும் உள்ளவர்களும் உண்டு. சுற்றுலா விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு இரண்டுமே கிடையாது.

பிள்ளைகள் வழியாகக் கிரீன் கார்டு பெற்று வந்த பெற்றோர், இங்கே வேலை பார்த்து வரி செலுத்தியிராவிட்டாலும், 65 வயது நிறைந்து, சட்டபூர்வ நிரந்தரக் குடியிருப்பு உரிமையோடு தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வசித்திருந்தால், மாதச் சந்தா கட்டி, மருத்துவர் சந்திப்பு போன்ற வெளிநோயாளிச் சேவைகளுக்கான மெடிகேர் பார்ட் பி-யில் சேரலாம். 2026-இல் அதன் வழக்கமான சந்தா மாதம் 202.90 டாலர். இந்த வழிகாட்டியில் வரும் மெடிகேர் சேவைகள் பெரும்பாலும் பார்ட் பி-யில் அடங்குபவை என்பதால், மருத்துவமனையில் தங்கும் செலவுக்கான, சந்தா அதிகமான பார்ட் ஏ இல்லாதவர்களுக்கும் இவை பொருந்தும். பார்ட் ஏ, பார்ட் பி இரண்டும் இருந்தால்தான் தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில் சேர முடியும்.

மெடிகெய்ட்டுக்கும் கிரீன் கார்டு பெற்ற பெரும்பாலான பெரியவர்கள் ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். சில மாநிலங்கள் சொந்த நிதியில் இந்த விதியைத் தளர்த்தியுள்ளன. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் காத்திருப்பு வேண்டாம் என்று பல மாநிலங்கள் முடிவெடுத்துள்ளன. பெற்றோருக்கு ஸ்பான்சராகக் கையெழுத்திட்ட பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த உறுதிமொழிப் பத்திரத்தின்படி, வருமான அடிப்படையிலான சில அரசு உதவிகளின் செலவை ஸ்பான்சரிடம் திரும்பக் கேட்க அரசுக்கு உரிமை உண்டு, மெடிகெய்ட் அவற்றில் ஒன்று. விண்ணப்பிக்கும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுவது நல்லது. மெடிகேருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இரண்டாம் படி: நோயும் சேவையும் பொருந்துகின்றனவா என்று பார்த்தல்

மெடிகேரில் உணவியல் நிபுணரின் ஆலோசனைக்குப் பெயர் மருத்துவ ஊட்டச்சத்து சிகிச்சை (Medical Nutrition Therapy). 2002 ஜனவரியில் தொடங்கிய இந்தச் சேவை மூன்று நிலைகளுக்கு மட்டுமே உரியது: சர்க்கரை நோய், டயாலிசிஸ் நிலையை எட்டாத சிறுநீரக நோய், சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்த முதல் 36 மாதங்கள். சிறுநீரக நோய் என்பதற்கு, ரத்தப் பரிசோதனை அறிக்கையில் சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் எண் (eGFR) 15 முதல் 59-க்குள் இருக்க வேண்டும். உயர் ரத்த அழுத்தமோ கொழுப்போ மட்டும் இருந்தால் இந்தச் சேவை கிடைக்காது. அது நியாயமில்லை என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் இன்றைய சட்டம் அப்படித்தான் இருக்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு, டயாலிசிஸ் மையத்திலேயே உணவியல் நிபுணர் இருப்பார். அந்த ஆலோசனை சிகிச்சையின் ஒரு பகுதி என்பதால் தனியாக எதுவும் தேவையில்லை.

தகுதி உள்ளவர்களுக்கு முதல் ஆண்டில் மூன்று மணி நேரம், அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மணி நேரம். நோயின் நிலை மாறியதாலோ சிகிச்சை மாறியதாலோ கூடுதல் நேரம் தேவை என்று மருத்துவர் எழுதித் தந்தால் அதற்கும் வழியுண்டு. மெடிகேரை ஏற்கும் நிபுணரிடம் சென்றால் நோயாளி ஒரு டாலர்கூடத் தர வேண்டியதில்லை; ஆண்டுதோறும் காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நோயாளியே கட்ட வேண்டிய பார்ட் பி கழிவுத் தொகையும் இதற்குப் பொருந்தாது. பயன்படுத்தாத மணி நேரம் அடுத்த ஆண்டுக்குச் செல்லாது.

சர்க்கரை நோயாளிகளுக்கு இதோடு இன்னொன்றும் உண்டு. சர்க்கரை நோய் சுயமேலாண்மைப் பயிற்சி (Diabetes Self-Management Training) என்ற பெயரில், முதல் முறை பத்து மணி நேரமும், பின்னர் ஆண்டுக்கு இரண்டு மணி நேரமும் தருகிறார்கள். பெரும்பகுதி குழுவாக நடக்கும். இன்சுலின் போடுவது, சர்க்கரை அளவைப் பார்ப்பது, பாதங்களைப் பராமரிப்பது எல்லாம் அதில் அடங்கும். இதற்கு நோயாளி தர வேண்டிய 20 சதவீதப் பங்குத்தொகை உண்டு. ஒரே ஆண்டில் இரண்டையும் முழுமையாகப் பெறலாம். ஆனால் ஒரே நாளில் இரண்டுக்கும் நேரம் வாங்கினால் ஒன்று நிராகரிக்கப்படும்.

சர்க்கரை நோயின் எல்லையில் இருப்பவர்களுக்கு மருத்துவ ஊட்டச்சத்து சிகிச்சை இல்லை. அவர்களுக்கென 2018 ஏப்ரலில் மெடிகேர் தொடங்கிய நோய்த்தடுப்புத் திட்டம் (Medicare Diabetes Prevention Program) இருக்கிறது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரையிலோ, வெறும் வயிற்றுச் சர்க்கரை 110 முதல் 125 வரையிலோ இருக்க வேண்டும். இதில் நம்மவர்களுக்கு முக்கியமான விதி ஒன்று உண்டு. பொதுவாக, உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் உடல் நிறைக் குறியீடு (BMI) 25 இருந்தால்தான் சேர்ப்பார்கள். ஆசிய இனத்தவருக்கு 23 போதும். நூற்று அறுபது சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு அது ஏறத்தாழ 59 கிலோ. மற்றவர்களுக்கான எல்லையோ 64 கிலோ. தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுவதால் ஏற்பட்ட விதி இது. "உங்கள் அம்மா ஒல்லியாகத்தானே இருக்கிறார்" என்று பதிவு மேசையில் சொன்னால், ஆசிய இனத்தவருக்கான எல்லையை எடுத்துச் சொல்லுங்கள். இதில் சேர மருத்துவரின் பரிந்துரை தேவையில்லை, கட்டணமும் இல்லை. ஆனால் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும் என்பதால், நீண்ட நாள் ஊருக்குப் போகும் திட்டம் இருந்தால் திரும்பி வந்தபின் சேருங்கள்.

மூன்றாம் படி: பரிந்துரையைச் சரியாக எழுதி வாங்குதல்

பல குடும்பங்களின் முயற்சி இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது. மருத்துவ ஊட்டச்சத்து சிகிச்சைக்கான பரிந்துரையில் மருத்துவரே கையெழுத்திட வேண்டும். உங்கள் பெற்றோரை வழக்கமாகப் பார்ப்பவர் ஒரு நர்ஸ் பிராக்டிஷனராகவோ பிசிஷியன் அசிஸ்டென்ட்டாகவோ இருக்கலாம். அவர்கள் மருந்து எழுதலாம், சுயமேலாண்மைப் பயிற்சிக்கும் எழுதலாம், ஆனால் இந்தச் சேவைக்கு அவர்கள் எழுதும் பரிந்துரையை மெடிகேர் ஏற்காது. அதே மருத்துவமனையில் உள்ள மருத்துவரின் கையெழுத்தை வாங்கித் தரும்படி கேளுங்கள்.

"சத்தான உணவுக்கு ஆலோசனை வேண்டும்" என்று பொதுவாகக் கேட்பதால் பயனில்லை. "அப்பாவுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெடிகேரின் மருத்துவ ஊட்டச்சத்து சிகிச்சைக்குப் பரிந்துரை வேண்டும்" என்று, நோயின் பெயரையும் சேவையின் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள். நோயாளிகளுக்கான இணையத் தளம் வழியாகச் செய்தியாக அனுப்பினால் எழுத்தில் ஒரு சான்றும் இருக்கும். பரிந்துரையில் நோய்க்கான குறியீடு, மருத்துவரின் தேசிய அடையாள எண் (NPI), தேதி மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சர்க்கரை நோய், சிறுநீரக நோய் இரண்டும் இருந்தால் இரண்டையும் குறிப்பிடச் சொல்லுங்கள்; சர்க்கரை நோய்க்கு மட்டும் எழுதிய பரிந்துரையோடு போனால், பேச்சு முழுவதும் மாவுச்சத்தைச் சுற்றியே போய், பொட்டாசியத்தைப் பற்றி எவரும் கேட்காமல் விட்டுவிடலாம்.

ஒவ்வொரு காலண்டர் ஆண்டும் புதுப் பரிந்துரை தேவைப்படுவதால், ஜனவரி மாதத்து மருத்துவர் சந்திப்பிலேயே அதையும் கேட்டு வாங்கிவிடுவது வசதி.

நான்காம் படி: நிபுணரைத் தேடுதல், மொழிக்கு ஏற்பாடு செய்தல்

பதிவு பெற்ற உணவியல் நிபுணர்கள் பலர் மெடிகேரில் சேராமலே தொழில் நடத்துகிறார்கள். எனவே தொலைபேசியில் முதல் கேள்வியே "நீங்கள் மெடிகேரில் பதிவு செய்திருக்கிறீர்களா, அதன் கட்டணத்தை முழுமையாக ஏற்கிறீர்களா" என்பதாக இருக்கட்டும். மெடிகேர் அட்வான்டேஜ் வைத்திருப்பவர்கள், நிபுணர் அந்தத் திட்டத்தின் வலையமைப்பில் இருக்கிறாரா என்றும் கேட்க வேண்டும். நேரில் போக முடியாவிட்டால் காணொளி வழியாகப் பேச முடியுமா என்பதையும் விசாரியுங்கள். 1-800-633-4227 என்ற மெடிகேரின் எண்ணில் பட்டியல் தருவார்கள். எல்லா மாநிலங்களிலும் மெடிகேர் குறித்து இலவசமாக ஆலோசனை சொல்லும் மையங்கள் உள்ளன. கலிஃபோர்னியாவில் அதன் எண் 1-800-434-0222. அங்கே இருப்பவர்களுக்கு எந்தக் காப்பீட்டு நிறுவனத்தோடும் விற்பனைத் தொடர்பு இல்லாததால் தயங்காமல் பேசலாம்.

அரசுக் காப்பீட்டுப் பணம் பெறும் மருத்துவமனைகளும் மருத்துவர்களும் ஆங்கிலம் சரளமாகத் தெரியாத நோயாளிக்குக் கட்டணமின்றி உரைபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது மத்திய அரசின் குடிமை உரிமைச் சட்டங்கள் தரும் உரிமை. நேரம் வாங்கும்போதே "தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும்" என்று மொழியின் பெயரைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். 'இந்தியர்' என்று மட்டும் குறித்துக்கொண்டால் இந்தி பேசுபவர் இணைப்பில் வந்து நிற்பார். மகனோ மகளோ மொழிபெயர்த்தால் போதாதா என்று தோன்றலாம். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் இரவில் எழுந்து முறுக்கு சாப்பிடுவதையும், மருமகளுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்று பழையதைச் சாப்பிட்டுக்கொள்வதையும், மலச்சிக்கலையும் பெற்றோர் வெளியாள் ஒருவர் வழியாகத்தான் மனம் திறந்து சொல்வார்கள். ஆலோசனை அப்படிப்பட்ட உண்மைகளின் மேல் நின்றால்தான் பலன் தரும்.

ஐந்தாம் படி: வீட்டுச் சமையலைக் காகிதத்தில் கொண்டுபோதல்

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். நிபுணருக்குத் தென்னிந்திய உணவு தெரிந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ரொட்டி, பாஸ்தா, உருளைக்கிழங்கு என்று அச்சடித்த தாளோடு அவர் காத்திருப்பார். அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுவதால் எதுவும் மாறாது.

சந்திப்புக்கு முன் மூன்று நாள் உணவுக் குறிப்பு எழுதுங்கள். அதில் ஒரு நாள் சனி அல்லது ஞாயிறாக இருக்கட்டும். எத்தனை இட்லி என்பதோடு இட்லியின் குறுக்களவையும் எழுதுங்கள். சாதத்தை வழக்கம்போல் தட்டில் போட்டுவிட்டு, பிறகு அதை அமெரிக்க அளவுக் கோப்பையால் அளந்து பாருங்கள். அந்தக் கோப்பை 240 மில்லிலிட்டர். உணவியல் கணக்கில், மூன்றில் ஒரு பங்கு கோப்பைச் சாதத்தில் ஏறத்தாழ 15 கிராம் மாவுச்சத்து. சாம்பார், ரசம், மோர் என்று மூன்று முறை பரிமாறிச் சாப்பிடுபவரின் இலையில் இரண்டு கோப்பைச் சாதம் எளிதாக வந்துவிடும். அது 90 கிராம். கூட்டில் உள்ள பருப்பும், உருளைக்கிழங்குப் பொரியலும், சாப்பிட்டு முடித்ததும் வரும் வாழைப்பழமும் இந்தக் கணக்கில் சேரவில்லை. இந்த எண்களை நிபுணரிடம் காட்டினால், "அரிசியை நிறுத்துங்கள்" என்பதற்குப் பதிலாக "மோர்ச் சாதத்தை அரைக் கோப்பையாக வைத்துக்கொள்ளுங்கள், பொரியலை இரு மடங்காக்குங்கள்" என்று கடைப்பிடிக்கக்கூடிய பதில் வரும்.

சிறுநீரக நோயுள்ளவர்கள் ஊறுகாய், அப்பளம், வற்றல், கடையில் வாங்கும் பொடிகள் ஆகியவற்றின் பொட்டலங்களைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இளநீர், கீரை, பருப்பு, புளி, தேங்காய் இவற்றை வாரத்தில் எத்தனை முறை பயன்படுத்துகிறீர்கள் என்றும் எழுதுங்கள். இவையெல்லாம் கெட்டவை என்று பொருளல்ல. ரத்தத்தில் உள்ள பொட்டாசியம், பாஸ்பரஸ் அளவுகளைப் பார்த்தபின்தான் எது எவ்வளவு என்று நிபுணரால் சொல்ல முடியும் என்பதால், அண்மைய பரிசோதனை அறிக்கையும் கையில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் சந்திப்புக்குக் காத்திராமல் இன்றே பார்த்துவிடுங்கள்: சோடியம் குறைந்தது என்று விற்கும் மாற்று உப்புகள் பலவற்றில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று வாங்கிய அந்த உப்பு, சிறுநீரகம் பழுதானவரின் இதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடும். உப்பு டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். அந்தப் பெயர் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தாதீர்கள்.

விரதங்களைச் சொல்ல மறக்கக் கூடாது. ஏகாதசிக்கும் சஷ்டிக்கும் பட்டினி இருக்கும் ஒருவர் அன்றைக்கும் வழக்கமான இன்சுலினைப் போட்டுக்கொண்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். எந்த நாட்களில், எத்தனை மணி நேரம், பாலும் பழமும் உண்டா என்ற விவரத்தை நிபுணர் குறித்துக்கொண்டு மருத்துவருக்கு எழுதினால், விரதத்தை விடச் சொல்லாமலே மருந்தின் அளவை அன்றைக்கு மாற்றித் தர வழி கிடைக்கும். கணவன், மனைவி இருவரில் சமைப்பவர் யாரோ அவரும் சந்திப்பில் இருக்க வேண்டும்.

ஆறாம் படி: சமைத்த உணவு வீட்டுக்கே வரும் வழிகள்

நோய்க்கு ஏற்ப உணவியல் நிபுணரின் மேற்பார்வையில் சமைத்து அனுப்பும் முறை எய்ட்ஸ் காலத்தில் பிறந்தது. 1985-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிராஜெக்ட் ஓபன் ஹேண்ட், நியூயார்க்கில் காட்ஸ் லவ் வீ டெலிவர் போன்ற தொண்டு அமைப்புகள், சமைக்கவும் நடமாடவும் முடியாத நோயாளிகளுக்கு உணவு கொண்டுபோனதில் தொடங்கியது அது. மாசசூசெட்ஸ் தரவுகளைக் கொண்டு 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய உணவு பெற்றவர்கள் மருத்துவமனையில் சேர்வது ஏறத்தாழப் பாதியாகக் குறைவாக இருந்தது. ஆனால் சர்க்கரை நோயாளிகளிடையே குலுக்கல் முறையில் பிரித்துச் செய்து 2023-இன் இறுதியில் வெளியான சோதனையில், சமைத்த உணவுக்குப் பதிலாகச் சத்தான மளிகைப் பொருட்கள் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் எச்பிஏ1சி-யில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. நோய் முற்றி, சமைக்கவும் இயலாத நிலையில் இருப்பவருக்கு இது பெரிய உதவி. நடமாடிச் சமைத்துச் சாப்பிடுபவருக்கு மேலே சொன்ன ஆலோசனையே போதும் என்றுதான் இவற்றைப் படித்தபின் எனக்குத் தோன்றுகிறது.

மெடிகேரின் அடிப்படைத் திட்டம் வீட்டுக்கு உணவு அனுப்புவதற்குப் பணம் தருவதில்லை. மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்கள் சில, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபின் குறிப்பிட்ட நாட்களுக்கு உணவு தருகின்றன. நாள்பட்ட நோயாளிகளுக்குக் காய்கறி, மளிகை வாங்க உதவும் சலுகைகளை 2020 முதல் தரவும் அவற்றுக்கு அனுமதி உண்டு. உறுப்பினர் சேவை எண்ணை அழைத்து, "இந்த ஆண்டின் காப்பீட்டு விவரக் கையேட்டில் உணவுச் சலுகை எந்தப் பக்கத்தில் இருக்கிறது" என்று கேட்டால் மழுப்பலான பதில் வராது.

மெடிகெய்ட்டில் மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை வேறு. வட கரோலினா 2022 மார்ச்சில் மூன்று பகுதிகளில் உணவு வழங்கத் தொடங்கியது. மாநில சட்டமன்றம் நிதி ஒதுக்காததால் 2025 ஜூலையில் அது நின்றது. மத்திய அரசும் 2025 மார்ச்சில், இத்தகைய சேவைகளை ஊக்குவித்த முந்தைய வழிகாட்டுதல்களைத் திரும்பப் பெற்றது. எனவே நண்பர் வீட்டில் கிடைத்தது என்பதற்காக உங்களுக்கும் கிடைக்கும் என்று எண்ணாமல், உங்கள் மாநிலத்தின் இன்றைய நிலையை விசாரியுங்கள்.

கலிஃபோர்னியாவில் மெடி-கால் சேவையை நடத்தும் காப்பீட்டுத் திட்டங்கள், 2022 ஜனவரி முதல், சமூக ஆதரவுச் சேவைகள் (Community Supports) என்ற தலைப்பில் நோய்க்கேற்ற உணவை வழங்கலாம். இது திட்டங்களுக்குக் கட்டாயமல்ல. ஆனால் பரவலாகக் கிடைக்கிறது. நாளொன்றுக்கு இரண்டு வேளை வரை, பன்னிரண்டு வாரம் வரை தருவார்கள். மருத்துவத் தேவை நீடித்தால் நீட்டிக்கலாம். சர்க்கரை நோய், இதயச் செயலிழப்பு, பக்கவாதம், புற்றுநோய் போன்றவை உள்ளவர்களும் மருத்துவமனையிலிருந்து திரும்பியவர்களும் கேட்கலாம். வீட்டில் உணவுப் பற்றாக்குறை என்ற காரணம் மட்டும் போதாது. நோயைக் காட்ட வேண்டும். மெடி-கால் காப்பீட்டுத் திட்டம் தந்த அட்டையின் பின்னால் உள்ள உறுப்பினர் சேவை எண்ணை நீங்களே அழைத்துக் கேட்கலாம். மருத்துவமனையின் சமூகப் பணியாளரும் விண்ணப்பிக்கலாம். பேசும்போது சைவமா, முட்டை சேருமா, வெங்காயம், பூண்டு ஆகுமா என்பதை முதலிலேயே சொல்லி, உணவு தரும் நிறுவனங்களின் பட்டியலைக் கேளுங்கள். ஒரே பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் இருப்பதுண்டு. இந்திய சைவ உணவு செய்பவரைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், உறைபெட்டியில் திறக்கப்படாமல் பொட்டலங்கள் அடுக்கிக் கிடக்கும் நிலை வராது.

மெடிகெய்ட்டில் இருக்கும் கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்குமான டபிள்யூஐசி (WIC) உணவுத் திட்டத்துக்கு வருமானத் தகுதியைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. அறுபது வயது கடந்த எவரும், காப்பீடே இல்லாவிட்டாலும், முதியோருக்கான மத்திய அரசின் உணவுத் திட்டத்தில் மதிய உணவு கேட்கலாம்; விருப்பப்பட்டால் நன்கொடை தரலாம்.

குழாய் வழியாக உணவு செலுத்த வேண்டியவர்களுக்கு, அந்த நிலை நீண்டகாலம் நீடிக்கும் என்று மருத்துவர் சான்று தந்தால், உணவையும் கருவிகளையும் பார்ட் பி 20 சதவீதப் பங்குத்தொகையோடு தருகிறது. வாயால் குடிக்கும் என்ஷூர் போன்ற பானங்களுக்கு மெடிகேரின் அடிப்படைத் திட்டம் பணம் தராது. மெடி-காலில் முன் அனுமதி பெற்றால் சில நோயாளிகளுக்குக் கிடைக்கும்.

ஏழாம் படி: மறுத்தால் மேல்முறையீடு

தொலைபேசியில் "கிடையாது" என்று சொல்வது மறுப்பு ஆகாது. எழுத்தில் மறுப்புக் கடிதம் கேளுங்கள். காலக்கெடு அதிலிருந்துதான் ஓடத் தொடங்கும். மெடிகேரின் அடிப்படைத் திட்டத்தில், கட்டண அறிக்கை கிடைத்ததிலிருந்து 120 நாட்கள். மெடிகேர் அட்வான்டேஜில் கடிதத் தேதியிலிருந்து 65 நாட்கள். மெடிகெய்ட் காப்பீட்டுத் திட்டங்களில் 60 நாட்கள். மெடிகெய்ட் திட்டம் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தாமதித்தால் உடல்நிலை மோசமாகும் என்று மருத்துவர் சொன்னால் 72 மணி நேரத்துக்குள். அதிலும் மறுத்தால் மாநில அரசின் விசாரணைக்குச் செல்லலாம். கலிஃபோர்னியாவில் அதற்கு 120 நாட்கள் உண்டு, அங்கேயும் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

மேல்முறையீட்டுக் கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். எந்தத் தேதியில் எதைக் கேட்டீர்கள், என்ன காரணம் சொல்லி மறுத்தார்கள், அந்தக் காரணம் ஏன் பொருந்தவில்லை என்பதை மட்டும் எழுதி, மருத்துவரின் கடிதத்தையும் பரிசோதனை எண்களையும் இணையுங்கள். மறுப்புகளில் கணிசமானவை பரிந்துரையில் கையெழுத்து தவறியதாலோ நோய்க் குறியீடு பொருந்தாததாலோ வருபவை. அவற்றுக்கு மேல்முறையீடுகூடத் தேவைப்படாது. திருத்திய பரிந்துரையை மருத்துவமனையிலிருந்து மறுபடி அனுப்பச் சொன்னால், அதே நிபுணர் காப்பீட்டிடம் மறுபடியும் கட்டணம் கோரிக்கொள்ளலாம்.